பல்லழகனைக் குழம்பு வைக்கலாமா? நெல்லித்தோப்பு வண்ண மீன் கடை பற்றி

வளர்த்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்டால் சிரிக்காமல், முகம் சுளிக்காமல், ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரவைத்துப் பதில் சொல்கிற கடை ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில். பெயரைப் போடாதீர்கள் என்று கடைக்காரத் தம்பியே கேட்டுக்கொண்டார். போட்டால் ஊரில் இருக்கிற பெரிய மீனையெல்லாம் பக்கெட்டில் தூக்கிவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். விசாரித்துப் போனால் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகன் ஆறாவது படிக்கும்போது வேறொரு கடையில் ‘பிரானா குட்டி’ என்று சொல்லி விற்றது. அஞ்சு ரூபாய்க் காசு அகலம், வயிற்றில் சிவப்பு. வளர வளரத்தான் தெரிந்தது, பிரானாவும் இல்லை ஒன்றும் இல்லை. பிரானாவுக்குப் பல் முக்கோணமாகக் கூராக இருக்கும். இதற்கு நம் கடைவாய்ப் பல் மாதிரி தட்டையாக, வரிசையாக இருந்தது. மகன் ‘பல்லழகன்’ என்று பெயர் வைத்தான். இது பாக்கு இனம், அமேசான் பக்கத்து மீன். அங்கே வெள்ளக்காலத்தில் காட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது, மரத்திலிருந்து விழும் பழத்தையும் கொட்டையையும் கடித்துத் தின்பதற்குத்தான் அந்தப் பல். எங்கள் வீட்டில் வாழைப்பழம், முளைக்கீரை, வேகவைத்த பட்டாணி என்று கொடுத்து அது ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது.

இந்த மீனுக்கு நம் மார்க்கெட்டில் இன்னொரு பெயர் உண்டு: ரூப்சந்த். ஆந்திராவில் குளம் வெட்டிப் பெருவாரியாக வளர்க்கிறார்கள், ஐஸ் பெட்டியில் இங்கே வருகிறது. பார்க்க வாவல் போல வட்டமாக இருப்பதால், விவரம் தெரியாதவரிடம் வாவல் என்றே தள்ளிவிடுபவர்களும் உண்டு. அதாவது எங்கள் ஹாலில் கண்ணாடிக்குப் பின்னால் நீந்துவதும், மீன்காரம்மா தராசில் தூக்கிப் போடுவதும் ஒரே மீன். வீட்டில் பிரச்சினை கிளம்பியதே இதனால்தான்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும், மார்க்கெட்டில் கட்லாவும் ரூப்சந்தும்தான் ராஜா. என் மாமியார் ஒரு நாள் அரை கிலோ ரூப்சந்தை விலை கேட்டுவிட்டு, வாங்காமல் வீட்டுக்கு வந்து, தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். பல்லழகனுக்கு அப்போது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. சாப்பாடு போட்டால் முன்னே போலப் பாய்ந்து வருவதில்லை. தொட்டியின் மூலையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும்.

“இன்னாம்மா, இதுவும் அந்த மீனுதானே? தானா செத்து மெதந்தா குப்பையிலதான் போவும். உசிரோட இருக்கும்போதே கொழம்பு வெச்சா தப்பா?” என்றார்கள்.

அத்தை கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாமனார் ரோடியர் மில்லில் வேலை பார்த்த காலத்தில் வீட்டில் கோழி, வான்கோழி எல்லாம் வளர்த்தவர்கள். கோழிக்கும் பெயர் இருந்ததாம், பண்டிகைக்கு அடிக்கும்போது யாரும் ஒப்பாரி வைக்கவில்லையாம். ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டி வளர்த்து வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தக் கிடா வீட்டுக்கு வந்த அன்றே அதன் கதை எல்லாருக்கும் தெரியும். பல்லழகனைச் சாப்பிடுவதற்காக யாரும் கொண்டுவரவில்லை. இது என் வாதம். மகனிடம் போனில் சொன்னபோது அவன் வாதமே செய்யவில்லை, “அம்மா, ப்ளீஸ்” என்று மட்டும் சொன்னான். என் கணவர் எந்தப் பக்கமும் சேராமல், “எடை எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டார்.

சரி, தெரிந்தவரிடமே கேட்டுவிடலாம் என்று இந்தக் கடைக்குப் போனேன். அதற்கு முன்னால் ஃபில்டருக்குப் பஞ்சு வாங்க மட்டும் போயிருக்கிறேன். மீனை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். “அக்கா, நீங்க திங்கலாமா வேணாமான்னு அப்புறம் பேசலாம். இதுக்கு எப்பவாவது மருந்து ஊத்துனீங்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நான் மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவள். லேபிள், தேதி, பேட்ச் நம்பர் பார்க்காமல் என் கை ஒரு அட்டையைக்கூட எடுக்காது. வண்ண மீன் கடையில் ஒருவர் அந்தப் பாஷையில் பேசியது எனக்கே ஆச்சரியம்.

மருந்து ஊற்றியிருந்தோம். போன மழைக்காலத்தில் பல்லழகனுக்கு உடம்பெல்லாம் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தது. என் கணவர் எங்கிருந்தோ ஒரு சின்ன பாட்டிலில் பச்சை நிற மருந்து வாங்கிவந்து ஊற்றினார். பெயர் இல்லை, அளவு இல்லை, மூடியில் ‘ஒயிட் ஸ்பாட்’ என்று பால்பாயிண்டில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். புள்ளி போய்விட்டது. தண்ணீர் பல நாள் பச்சையாகவே இருந்தது, தொட்டியின் ஓரத்து சிலிக்கான் ஒட்டு இன்றைக்கும் பச்சைதான்.

சிலிக்கான் பச்சை என்றதும் தம்பி தலையை ஆட்டினார். “மாலகைட் கிரீனாத்தான் இருக்கும். அப்ப இந்த மீனை அடுப்புப் பக்கம் கொண்டுபோவாதீங்க.”

ஏன் என்பதற்கு அவர் சொன்னதும், அதன்பின் நானே படித்துச் சரிபார்த்துக்கொண்டதும் இதுதான். மாலகைட் கிரீன் ஒரு சாயப் பொருள். பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் நன்றாகக் கொல்லும், அதனால் வண்ண மீன் மருந்துகளில் கலப்பார்கள். மீனின் உடம்புக்குள் போனதும் நிறமில்லாத இன்னொரு வடிவத்துக்கு மாறி, கொழுப்பில் போய்த் தங்கிவிடும். வெளியே பச்சை போனாலும் உள்ளே மாதக்கணக்கில் இருக்கும், கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. புற்றுநோய் சந்தேகம் இருப்பதால் அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சாப்பாட்டு மீனில் இதை அனுமதிப்பதில்லை. ஃபார்மலின், காப்பர் சல்பேட் கலந்த வண்ண மீன் மருந்துகளும் விற்பனையில் இருக்கின்றன.

அவர் ஷெல்ஃபிலிருந்து ஒரு நல்ல கம்பெனி பாட்டிலை எடுத்துக் காட்டினார். மனிதர் உண்ணும் மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. உணவுக்கு வளர்க்கும் மீனுக்கோ மாட்டுக்கோ மருந்து கொடுத்தால், எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், பால் கறக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கும். வண்ண மீன் மருந்தில் அந்தக் கணக்கே கிடையாது. யாரும் சாப்பிடப் போவதில்லை என்று நினைத்துத் தயாரித்ததற்கு அதை எதற்குக் கணக்கிடுவார்கள்?

இங்கே கடையைச் சுற்றிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் மேல் மூலையிலும் காகித டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் தேதி, என்ன மருந்து, எத்தனை சொட்டு, யார் ஊற்றியது. சில டேப்பில் ‘உப்பு மட்டும்’ என்று இருக்கிறது. வெள்ளைப் புள்ளி வந்தால் முதலில் கல்லுப்பு, ஹீட்டரில் 30 டிகிரி, அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து என்று வைத்திருக்கிறார். சூடு ஏறினால் அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று வேகமாக ஓடி, மீன் தோலை விட்டுத் தண்ணீருக்கு வரும் கட்டம் சீக்கிரம் வரும். மருந்தோ உப்போ அப்போதுதான் அதைப் பிடிக்கும். தோலுக்குள் இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. பழைய டேப்புகளைக் கிழித்துப் போடாமல் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். எங்கள் மருந்துக் கடை இருப்புப் பதிவேடு இதைவிட மோசமாக இருக்கும்.

அத்தையின் கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. மருந்தே போடாத மீனாக இருந்தால்? அப்போது தின்பதில் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றார், கடையையே காட்டினார். இந்தத் தொட்டியில் நீந்தும் கோய் வேறு யாருமில்லை, சாதாக் கெண்டை இனம்தான், நிறத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது. அந்தப் பெரிய கௌராமியை இந்தோனேசியாவில் முழுசாகப் பொரித்துத் தட்டில் நிற்கவைத்துப் பரிமாறுவார்கள். ஆஸ்கரை அமேசான் கரையில் சுட்டுத் தின்பார்கள். “நம்ம ஊர்ல இதுங்களுக்கு ஏசி ரூம் போட்டு வெச்சிருக்கோம்” என்று சிரித்தார். ஆனால் கிழட்டு மீனில் ருசி எதிர்பார்க்க வேண்டாம், சதை வறண்டு நார் நாராக இருக்கும் என்றார். முதுகு வளைந்து, வயிறு ஒட்டிப்போன மீன் என்றால் தொடும்போதே ஜாக்கிரதை. மீனுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி, கையில் கீறல் இருந்தால் அதன் வழியாக நமக்கும் வந்து, தோலில் ஆறாத கட்டியாக நிற்கும். எங்கள் கடையில் ஒருவர் விரலில் அப்படி ஒரு கட்டியோடு மாதக்கணக்கில் களிம்பு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் தொட்டி இருந்ததா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

அத்தை என்னிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்: கண்ணாடித் தொட்டி மீன் சேற்று வாடை அடிக்காதா? அடிக்கலாம் என்றார். பாசியும் நுண்ணுயிரும் விடுகிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடை. மீன் பண்ணைக்காரர்கள் பிடிப்பதற்கு முன் சில நாள் தீனி போடாமல் நல்ல தண்ணீரில் விட்டு அதைக் குறைப்பார்கள். அமிலம் பட்டால் அது உடையும், அதனால் புளி ஊற்றிய குழம்பில் வாடை அடங்கும். இதை வீட்டில் வந்து சொன்னதும் அத்தைக்கு முகமெல்லாம் வெற்றி. “நான் சொல்லல?” என்றார்கள். மாலகைட் கிரீன் அவர்கள் காதில் விழவேயில்லை.

கொல்வது பற்றியும் பேசினோம். இதை எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் தெரியாமல் செய்கிறவர்கள் நிறைய. கிழடாகி அவதிப்படும் மீனை ஃப்ரீசரில் வைப்பது, தரையில் போட்டுத் துடிக்கவிடுவது, உயிரோடு கழிவறையில் ஊற்றுவது எல்லாம் கொடுமை. வேதனை இல்லாமல் போகவிட கிராம்புத் தைலம் இருக்கிறது. பல் வலிக்கு நாங்கள் விற்பதுதான், அதில் இருக்கும் யூஜினால் மீனை முதலில் மயக்கும், அளவு கூடினால் மூச்சை நிறுத்திவிடும். கொஞ்சம் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கிக் கலந்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கும். ஆனால் அப்படிப் போன மீனைச் சமைக்கக் கூடாது. சமைக்கத்தான் என்றால் தலையில் ஒரே அடியாக அடித்து நினைவு போனதும் செவுளை அறுக்க வேண்டும். இவர் இதையெல்லாம் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். தன் கடையில் இரண்டையும் செய்து தர மாட்டேன் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், “ஊசுட்டேரியில விட்டுட்டா புண்ணியம்” என்றார். தம்பி கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை இப்படிப் புண்ணியம் தேடிக் குளத்திலும் ஏரியிலும் விட்டுத்தான், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. வலையில் மாட்டினால் வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. வெளிநாட்டு மீனை ஏரியில் விடுவதற்கு அதைத் தின்பதே மேல் என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்றால், மாட்டார். இடம் இல்லை, கண்ணில் பூ விழுந்த மீனை யாரும் வாங்கவும் மாட்டார்கள் என்று நேராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்து பார்க்கிற சேவை இருக்கிறது, 400 ரூபாய். முதலியார்பேட்டை வரை வந்தார். சொன்னது காலை பத்து மணி, வந்தது மதியம் சாப்பாட்டு நேரம், நடுவில் போனையும் எடுக்கவில்லை. அந்த விஷயத்தில் கடைக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

ஆனால் வந்தபின் வேலை சுத்தம். சட்டைக் கையை மடித்துவிட்டு, கையில் கீறல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார். சொட்டு மருந்து கிட் வைத்துத் தண்ணீரைச் சோதித்தார், சோதனைக் குழாயில் நைட்ரேட் நிறம் ரத்தச் சிவப்பு. ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா, மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதற்கு மேல் அந்த நைட்ரேட்டை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். நாங்கள் ஆவியானதற்கு மட்டும் மேலே ஊற்றிக்கொண்டிருந்தோம். பாதி வயதான சோர்வு, பாதி கெட்ட தண்ணீர் என்றார். ஒரே நாளில் முழுக்க மாற்றினால் மீன் அதிர்ச்சியிலேயே போய்விடும், வாரம் கால்வாசி மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். கண் பூ சரியாகாது.

அத்தை அவரையும் விடவில்லை. “இன்னா தம்பி, எடை இன்னா இருக்கும்?”

அவர் தொட்டியைப் பக்கவாட்டில் பார்த்து, “ஒன்றரை கிலோ இருக்கும்மா. நீங்க குடுத்த வாழப்பழத்துக்கு இன்னும் வளர்ந்திருக்கணும், தொட்டி பத்தல” என்றார். அத்தை அந்தப் பதிலில் எப்படியோ சமாதானமாகி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அத்தை மார்க்கெட்டில் ரூப்சந்த் வாங்கி, மீன்காரம்மாவிடமே சாம்பல் போட்டு ஆய்ந்து எடுத்துவந்து குழம்பு வைத்தார்கள். மாங்காய் போட்ட குழம்பு. நான் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் முரண் இல்லையா என்று மகன் கேட்டான். இருக்கிறது. மார்க்கெட் மீனை வளர்த்தவர் சாப்பாட்டுக்கென்றே வளர்த்தார். என் மீனுக்கு என் கையால் பட்டாணித் தோல் உரித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்த வித்தியாசம் போதும். அடுத்த வீட்டில் ஒருவர் தன் மீனைச் சமைத்தால், மருந்து ஊற்றினாயா என்று மட்டும் கேட்பேன், பாவம் புண்ணியம் பேச மாட்டேன்.

கடையின் குறைகளையும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர், வாசலில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் விற்கிறார். கேட்டால், “நான் வேணாம்னா எதிர்க்கடையில வாங்கிடுவாங்க அக்கா” என்கிறார். நல்ல தொட்டியில் வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடிய மீன், கிண்ணத்தில் பத்து வாரம் தாண்டினால் அதிசயம். பாக்குக் குட்டியை மட்டும், ஆறடித் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார். அந்தக் கண்டிப்பு கிண்ணத்துக்கும் வரட்டும். தீனி விலை ஆன்லைனைவிடக் கூடுதல், ஆனால் பாக்கெட்டில் தேதி பார்த்துத்தான் தருகிறார், பிரித்துப் பொட்டலம் கட்டிய தீனி இங்கே கிடையாது. சந்தில் கார் நுழையாது. ஸ்கூட்டரை மாவு மில் வாசலில் நிறுத்தினால் மில்காரம்மா திட்டுவார்கள்.

வீட்டுச் சேவை வேண்டுமென்றால் முதல் நாளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், போனை நம்ப வேண்டாம். ஞாயிறு மதியம் கூட்டம் அதிகம், அப்போது கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். வார நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் ஸ்டூலும் கிடைக்கும், பதிலும் கிடைக்கும். மீனுக்கு இதுவரை என்னென்ன ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.